டெல்லியில் தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டே ஆசிரியர் பயிற்சி முடிக்க

"அக்கா, பி.எட். சேரலாம்னு இருக்கேன். பாப்பாவை யாருகிட்ட விடறதுன்னுதான் தெரியல." மயூர் விகாரில் எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடிப் பெண், போன வாரம் காய்கறி வண்டிப் பக்கம் நின்று கேட்டாள். மகளுக்கு இரண்டு வயது. துணைக்கு யாரும் இல்லை. நான் பயிற்சியில் சேர்ந்தபோது என் மகனுக்கு மூன்று வயது, வீட்டில் வேறு பெரியவர் கிடையாது. அதனால் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். திரிலோக்புரியிலும் மதன்கீரிலும் இதே கேள்வியோடு இருக்கிற நம்மவர்களுக்கு உதவட்டும்.

முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு செய்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பாடம் நடத்த ஆசை என்றால் டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்வி டிப்ளமோ படிக்க வேண்டும். பி.எட். முடித்தவர்கள் இந்த வகுப்புகளுக்குத் தகுதியானவர்கள் அல்ல என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகள் என்றால் பி.எட். டி.எல்.எட். சேர பிளஸ் டூவில் 50 சதவீதம், பி.எட். சேர பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பொறியியல் பட்டதாரிகளுக்கு இது 55. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் முடித்தால் போதும் என்று விதி இருக்கிறது. குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வருட இடைவெளி பெரிய விஷயம். சேரும்போதே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருகைப்பதிவு. என்னைப் போன்றவர்கள் தடுமாறுவது இங்கேதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளியில் போய்ப் பாடம் நடத்தும் இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம். பி.எட்.டில் இந்த இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்புகளில் வருடத்துக்குச் சுமார் 40 நாள் தவறினாலும் சமாளிக்கலாம். அந்த 16 வாரத்தில், வாரம் ஐந்து நாள் பள்ளி என்றால், எட்டு நாள்தான் தவறலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தால் அதில் நாலு நாள் போய்விடும். என் மகனுக்கு அந்த மாதங்களில் இரண்டு தடவை வந்தது. இரண்டாம் தடவை, பக்கத்து வீட்டு மாமியிடம் மருந்துப் பாட்டிலையும் கஞ்சியையும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். அன்றைக்குப் போர்டில் எழுதும்போது கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் லீவு எடுப்பதாக இருந்தால் முதல் வருடத்தில் எடுங்கள், இன்டர்ன்ஷிப்பில் தவறக்கூடிய அந்த எட்டு நாளில் ஒன்றையும் முன்கூட்டியே செலவழிக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கேட்டு முதல் வருடக் கடைசியிலேயே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

"வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதுங்க" என்று சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் தாய்மார்களைத்தான் அவர்கள் குறிவைத்துப் பேசுவார்கள். நானும் ஒருவரிடம் முன்பணம் கொடுத்து இழந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. வருகை இல்லாத பி.எட். என்று விதியில் ஒன்று கிடையாது. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தொலைநிலை பி.எட். உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு. அதாவது நேரடி வகுப்பில் டி.எல்.எட். போன்ற ஒன்றை முடித்தவர்களும், பயிற்சி பெற்று வேலையில் இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும்தான் சேரலாம். இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. முதலில் டி.எல்.எட். முடித்து வேலைக்குப் போய்விட்டு, பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், பட்டம் இருந்தால், தொலைநிலையில் பி.எட். படிக்கலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு இதையே நான் சொல்வேன்.

சரி, பிள்ளையை யார் பார்ப்பது? மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் 'பால்னா' என்று குழந்தைகள் காப்பகத் திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை சேர்க்கலாம். மாதம் 26 நாள், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். சாப்பாடு, எடை பார்ப்பது, தடுப்பூசி, மூன்று வயதுக்கு மேல் முன்பள்ளிப் பாடம் எல்லாம் அதிலேயே அடக்கம். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு மட்டும்தான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு என்று திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. படிக்கிற அம்மாவும் அதில் சேர்த்திதான், தயங்காமல் கேளுங்கள். எல்லா அங்கன்வாடியிலும் இந்த வசதி கிடையாது, காப்பகத்தோடு சேர்ந்த அங்கன்வாடியாக இருக்க வேண்டும். உங்கள் பகுதி அங்கன்வாடி ஊழியரிடம் விசாரித்தால் எது பக்கத்தில் என்று சொல்வார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாரம் 36 மணி நேரத்தை ஆறு நாளாகப் பிரித்தால் தினம் ஆறு மணி நேரம். காப்பகம் ஏழரை மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் பயணத்துக்கு, போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஐந்து நாள் கல்லூரி என்றால் தினம் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், பயணத்துக்கு நேரமே மிஞ்சாது. அதனால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அது எத்தனை நாள் நடக்கிறது, காப்பகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர், கைவிடப்பட்டவர் எல்லாருக்கும் டெல்லி அரசு மாதம் 2,500 ரூபாய் கொடுக்கிறது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், டெல்லியில் ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். டெல்லி அரசின் இ-டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வங்கிக் கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். இது உங்களுக்கானது. பிள்ளைக்கென்று மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. தாய் விதவையாகவோ விவாகரத்தானவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். இதைப் பற்றி நம் பெண்களில் அநேகம் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

இதற்கெல்லாம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. திருமணம் ஆகாத தாயாக இருந்து அதை வாங்குவதில் சிக்கல் என்றால், தாயின் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரிலேயே கொடுக்க வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்பா பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

படிப்பின் கடைசி வருடத்திலேயே சிடெட் என்கிற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம். 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். மொழிப் பிரிவில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் 30 கேள்வி, நமக்குக் கை கொடுக்கும். தமிழ்நாட்டில் தமிழ் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தமிழ்ப் பாடம் உண்டு.

அப்புறம் அரசு வேலை கிடைத்துவிட்டால் குழந்தை பராமரிப்பு விடுப்பு வருகிறது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, பணிக்காலம் முழுவதுக்குமாக 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். மற்றவர்கள் ஒரு வருடத்தில் மூன்று தவணையாக எடுக்கலாம், தனித்து வாழும் தாய் ஆறு தவணையாக எடுக்கலாம். இதை மூன்றாம் மாடிப் பெண்ணிடம் சொன்னபோது, "ஆறா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.