எலுமிச்சையும் வெயிலும்: பாப்பாவின் கையில் பதிந்த விரல் தடங்கள்

போன மாதம் ஒருநாள், மாலை ஓ.பி. முடியும் நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, நான்கு வயதுப் பாப்பா, அப்பத்தா. அப்பத்தா உட்காரவே இல்லை. பாப்பாவின் கையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "டீச்சர் அடிச்சிருக்கு டாக்டரம்மா, நீங்களே பாருங்க, விரல் பதிஞ்சிருக்கு" என்றார். ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

பார்த்தேன். மேல்கையில் நான்கு பழுப்புக் கோடுகள், முன்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு. பெரியவர்கள் ஒருவரின் கை அளவு. ஆனால் அடிபட்ட தடம் கன்றிச் சிவந்து, நீலமாகி, பச்சையும் மஞ்சளுமாக மாறித்தான் மறையும். இது வந்து பத்து நாளாகியும் ஒரே பழுப்பு. ஓரம் கத்தியால் வெட்டினாற்போல இருந்தது. தொட்டால் வலியில்லை. ஒரு கோட்டின் நடுவில் மட்டும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்த அடையாளம்.

அம்மாவைப் பார்த்தேன். அவர் கழுத்தில், தாடைக்குக் கீழே தொடங்கி காறையெலும்பு வரை, ஏதோ வழிந்து காய்ந்தது போல அதே பழுப்பில் ஒரு கோடு.

"வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்தீர்களா அம்மா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சைச் சாற்றையும் தேனையும் கலந்து முகத்தில் பூசிக்கொண்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருக்கிறார். பிழிந்த மூடியை முழங்கையில் தேய்த்திருக்கிறார். பாப்பா கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஓடியதும், அந்த ஈரக் கையாலேயே அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பாப்பா போட்டிருந்தது கையில்லாத கவுன். மணி பத்தரை. செவ்வாய்க்கிழமை சிவந்திருக்கிறது, புதன்கிழமை கொப்புளம், அடுத்த வாரம் பழுப்பு. டீச்சருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எலுமிச்சையில், அதிலும் அதன் தோலில், சோராலென் வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் யாருக்கும் எலுமிச்சை மேல் சந்தேகம் வருவதில்லை. இதே போன்று குழந்தைகள் மேல் பதிந்த கைத்தடங்களை அடித்த தழும்பு என்று தவறாக நினைத்த சம்பவங்கள் பல நாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எலுமிச்சை மட்டும் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஆறு மாதமாக அந்த வீட்டில் "கெமிக்கல் எதுவும் வேண்டாம்" என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். அக்குளுக்கு டியோடரன்ட் வேண்டாம், சமையல் சோடா. தாத்தாவுக்கு டை வேண்டாம், "ஹெர்பல்" மருதாணிப் பவுடர். எண்ணம் நல்ல எண்ணம்தான். குழந்தைக்கு மென்மையானதாக இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பதை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் அம்மாவின் அக்குள் இரண்டும் வெந்து சிவந்திருந்தன. தாத்தா மறுநாள் வந்தார், நெற்றி வீங்கி, காதோரம் நீர் வடிந்துகொண்டு. ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் காரணம் "இயற்கை".

ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நான் கேட்கும் வாக்கியம் இது: "இயற்கைதானே டாக்டர், ஒண்ணும் பண்ணாதே?" சேராங்கொட்டையும் இயற்கைதான். அதன் பால் பட்ட இடம் எப்படிப் பொத்துப்போகும் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். பூண்டு இயற்கைதான். புழுவெட்டுக்குப் பச்சைப் பூண்டை அரைத்துத் தலையில் கட்டி, தீப்புண் போல வெந்த தோலோடு வருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். எருக்கம்பால் இயற்கைதான், அதை யாராவது கண்ணில் விடுவார்களா? ஒரு செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் ஆடுமாடுகளிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை காரத்தையும் கசப்பையும் பாலையும் வைத்திருக்கிறது. நம் கன்னத்துக்கு இதமாக இருக்க வேண்டும் என்று அது நினைப்பதே இல்லை. கெமிக்கல் என்று பயப்படுகிறோமே, எலுமிச்சைக்குள் இருக்கும் சிட்ரிக் அமிலம் கெமிக்கல் இல்லாமல் வேறென்ன? தண்ணீரும் அப்படித்தான். ஒரு பொருள் தொழிற்சாலையில் பிறந்ததா, தோட்டத்தில் பிறந்ததா என்று தோலுக்குத் தெரியாது. அது என்ன, எவ்வளவு, எவ்வளவு நேரம் மேலே இருந்தது, இவை மட்டும்தான் தோலுக்குத் தெரியும்.

"சாப்பிடுகிற பொருள்தானே, பூசினால் என்ன?" என்பது அடுத்தது. மிளகாயும் சாப்பிடுகிற பொருள்தான். வாயும் வயிறும் வேறு, தோல் வேறு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் அளவில் ஏறத்தாழ 5 (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம். மூன்று படிதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக மூன்று படி என்றால் 1000 மடங்கு. சமையல் சோடா கரைசல் மறுபக்கம், 8-க்கு மேல். அதை மடிப்பும் வியர்வையும் உரசலும் இருக்கிற அக்குளில் தினமும் தேய்த்தால் வேகாமல் என்ன செய்யும்? எலுமிச்சையையும் சோடாவையும் கலந்தால் பொங்குகிறதே, அது அழுக்கை எடுக்கிற நுரை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது கரியமில வாயு, அவ்வளவுதான்.

தாத்தாவின் கதைக்கு வருகிறேன். மருதாணி தனியாக ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. நரைமுடியில் செம்மண் நிறம்தான் வரும். கறுப்பு வேண்டுமென்றால் அதற்குமேல் அவுரி இலைப்பொடி போட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் ஆகும். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்குகிற "ஹெர்பல் மருதாணி" என்றால் அதில் பெரும்பாலும் பிபிடி என்கிற பாராஃபினிலின்டைஅமின் இருக்கும். சாதாரண ஹேர் டையில் இருக்கிற அதே பொருள். அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி என்ற தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2006-இல் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது இதைத்தான். பாக்கெட்டின் முன்பக்கம் மருதாணி இலைப்படம் இருக்கும். பின்பக்கம் மிகச் சிறிய எழுத்தில் பிபிடி இருக்கும். தயவுசெய்து பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு முறை இதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

இதைச் சொன்னால், கடையில் விற்பதெல்லாம் நல்லது என்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. அங்கேயும் இதே பயத்தைக் காசாக்குகிறார்கள். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென் என்ற பொருளின் பெயரைக் கேட்டு எல்லாரும் பயந்தபோது, பல நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியைப் போட்டன. அதற்குத்தான் ஒவ்வாமை கூட்டம் கூட்டமாக வந்தது. மேலே சொன்ன அதே சங்கம் 2013-இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாமல் விடும் க்ரீம்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை போட்டது. 2019-இல் பாராபெனை "ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்" என்றே அந்தச் சங்கம் அறிவித்தது. தோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை, பயந்து ஓடியது சாதுவிடமிருந்து, போய் விழுந்தது முரடனிடம்.

நம் நலங்கு மாவைப் பற்றியும் கேட்பீர்கள். பச்சைப்பயறும் கடலைமாவும் சலித்துக் குழைத்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலான தோலுக்கு ஒன்றும் ஆகாது. என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் கார்போக அரிசி என்கிற மூலிகை விதையைச் சேர்ப்பது வழக்கம். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் காலங்காலமாகக் கொடுப்பது அதைத்தான். நாங்களும் வெண்புள்ளிக்குச் சோராலென் கொடுத்து, அளந்து, மேற்பார்வையில் புற ஊதாக் கதிர் கொடுக்கிறோம். சோராலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான். அவ்வளவு வீரியமுள்ள ஒன்றைப் பூசிக்கொண்டு வாசலில் வெயில் காயலாமா? குளியலறைக்குள் பூசி, உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள். கைக்குழந்தைக்கு அந்தப் பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

கற்றாழைக்கும் ஒரு வார்த்தை. மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடிகிறதே, அதுதான் அரிக்கும். மடலை நிறுத்திவைத்து அதை வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவச் சொன்னார்கள் பெரியவர்கள். ரீல்ஸில் அந்த ஏழு முறையைக் காட்டுவதில்லை, அப்படியே கன்னத்தில் அப்புகிறார்கள்.

சரி, மென்மையாக மாற வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதலில் குறையுங்கள். புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். முகத்துக்கு நுரை குறைவான, வாசனை இல்லாத ஒரு ஃபேஸ்வாஷ். குளிக்கிற சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டாலே போதும். வேலை பார்த்து அழுக்கான நாளில் உடம்பு முழுக்கப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கட்டி சோப்புகளில் பல 9, 10 என்ற கார அளவில் இருப்பவை, வறண்ட தோலுக்கு அதைத் தினமும் தேய்ப்பதுதான் எரிச்சலுக்குப் பாதிக் காரணம். வெந்நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, பத்து நிமிடத்துக்குள் குளித்து முடித்து, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் ஏதாவது ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம். பீர்க்கங்கூடால் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பதை நிறுத்துங்கள். இதற்கெல்லாம் தனியாகச் செலவில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் வீடியோ போடுவதில்லை.

புதிதாக ஒன்றைப் பூசிப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. முழங்கையின் உள்மடிப்பில், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் இரவும் ஏழு நாள் பூசுங்கள். கழுவிவிடும் பொருள் என்றால் எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதே போலப் பூசிக் கழுவுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு முறை தடவி ஐந்து நிமிடம் பார்ப்பது பரிசோதனை ஆகாது, ஒவ்வாமை அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டாது. ஹேர் டைக்கு மட்டும், முன்பு எப்போதாவது அரித்திருந்தால், இந்த வீட்டுச் சோதனைகூட வேண்டாம். நேராக எங்களிடம் வாருங்கள், முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் வைத்து முறையாகப் பார்க்கிறோம்.

தண்ணீர் கலந்து வீட்டில் செய்த எதையும், அது அரிசி கழுவிய நீரோ பன்னீர்க் கலவையோ, பாட்டிலில் நாள்கணக்காக வைக்காதீர்கள். கிருமி வளர அதைவிட வசதியான இடம் கிடையாது. எலுமிச்சை பிழிந்தால், ஜூஸ் போடத்தான் என்றாலும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன் இன்னொரு தரம் கழுவுங்கள்.

எரிந்துவிட்டதா? குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். அதன்மேல் டூத்பேஸ்ட், மஞ்சள், காபித்தூள், எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமும் வேண்டாம், அதனால் கெட்டுப்போன முகங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கண், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அந்த இரவே கிளம்பி மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள். எங்களிடம் வரும்போது வீட்டில் பூசுவது, தேய்ப்பது, கழுவுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "ஒண்ணும் பூசல டாக்டர்" என்று சொல்பவர்களின் பையில்தான் எனக்குப் பதில் கிடைக்கும். பாட்டி கொடுத்த பொடி என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் உங்கள் நல்லதுக்குத்தான்.

போன வாரம் பாப்பா மறுபடி வந்தாள். கோடுகள் மங்கத் தொடங்கியிருக்கின்றன, முழுக்கப் போக இன்னும் சில மாதம் ஆகலாம். அப்பத்தா தானே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார். கிளம்பும்போது அம்மா மெதுவாகக் கேட்டார், மிச்சமிருக்கிற கறைக்கு உருளைக்கிழங்குச் சாறு தடவலாமா என்று.

"வேண்டாம் அம்மா. முழுக்கைச் சட்டை போட்டு விடுங்கள், அது போதும்."