ஃபர்ம்வேர் – நிலைபொருள்: சொல் விளக்கம்

ஃபர்ம்வேர்னா என்னன்னு கேட்டா பாதிப் பேரு "அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க, மீதிப் பேரு டிவிலயோ ரவுட்டர்லயோ அப்டேட் கேக்கும்போது அந்த வார்த்தைய பாத்திருப்பாங்க, அதோட சரி. மதுரையில மீனாட்சி பஜார் பக்கம் மொபைல் கடைகள்ல அந்தப் பேரே புழக்கத்துல இல்ல, "அண்ணே, செட்டு டெட்டாயிருச்சு, சாஃப்ட்வேர் போட்டுத்தான் பாக்கணும்"னு சொல்வாங்க, ஆனா அவங்க போடுறது ஃபர்ம்வேர்தான். இத எழுதி சம்பளம் வாங்குறவன் நான், அதனால இந்தச் சொல்ல கொஞ்சம் நிதானமா பிரிச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏன்னா இந்தச் சொல்லத் தப்பாப் புரிஞ்சுக்குறதும், நம்ம ஊர்ல பழக்கவழக்கம், சாமி, சம்பிரதாயம்னு பேசுறப்ப பண்ற தப்பும் ஒரே தப்புதான்னு எனக்குத் தோணுது.

முதல்ல பொருள். ஒரு வாஷிங் மெஷின், ஒரு இன்வெர்ட்டர், ஒரு பைக் மீட்டர் எதுவா இருந்தாலும் உள்ள ஒரு சின்ன சிப் இருக்கும். கரண்ட் வந்த நொடியில அந்தச் சிப்புக்கு ஒண்ணுமே தெரியாது. இப்ப பரவலா இருக்குற ஆர்ம் வகை மைக்ரோகன்ட்ரோலர எடுத்துக்கிட்டா, அது நேரா மெமரியோட தொடக்கத்துக்குப் போகும், முதல் நாலு பைட்டுல ஸ்டாக், அதாவது வேலை நடக்கும்போது தற்காலிகமா குறிச்சு வச்சுக்குற இடம், எங்க இருக்குங்கற முகவரிய எடுத்துக்கும், அடுத்த நாலு பைட்டுல எந்த இடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கணுங்கற முகவரிய எடுத்துக்கும், அங்க குதிக்கும், அதுக்கப்புறம்தான் மோட்டார் சுத்துறது, தண்ணி வர்றது, பட்டன அமுக்குனா பீப் சத்தம் வர்றது எல்லாம். அந்த இடத்துல கரண்ட் போனாலும் அழியாம உக்காந்திருக்குற ப்ரோக்ராம்தான் ஃபர்ம்வேர். நம்ம போன்ல ஆப் போடுறோம் எடுக்குறோம்ல, அந்த மாதிரி பயன்படுத்துறவரு தினம் தொட்டு மாத்துற விஷயம் இல்ல இது, அதே நேரம் இரும்பு மாதிரி மாத்தவே முடியாததும் இல்ல.

இந்த "நடுவுல இருக்குறது"ங்கற விஷயம்தான் பேருக்கே காரணம். ஹார்ட்வேர்ங்கற சொல் கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, ஆணி, தாழ்ப்பாள், கீல், போல்ட்டுன்னு இரும்புச் சாமானுக்கெல்லாம் அதுதான் பேரு, இன்னைக்கும் நம்ம ஊர்ல பெயிண்ட் கடை போர்டுல "ஹார்டுவேர்ஸ்"னு எழுதியிருக்குறது அந்தப் பழைய பொருள்லதான். வேர்ங்கறது பழைய ஆங்கிலத்துல விக்கிற சரக்கு. ஃபர்ம்ங்கறது லத்தீன்ல ஃபிர்முஸ், உறுதியானது, ஆடாம நிக்கிறது. சாஃப்ட்வேர்ங்கற சொல்ல 1958ல ஜான் டூக்கிங்கற கணித அறிஞர் கம்ப்யூட்டர் பொருள்ல அச்சுல எழுதினாரு. அதுக்கப்புறம் 1967 ஜனவரில ஆஷர் ஓப்ளர்ங்கறவரு டேட்டாமேஷன்ங்கற கம்ப்யூட்டர் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதுறாரு, அதுலதான் ஃபர்ம்வேர்ங்கற சொல் வருது.

இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, பல பேருக்கு இது தெரியாது. ஓப்ளர் சொன்னது மாத்த முடியாத, படிக்க மட்டுமே முடியுற ரோம் (ROM) சிப்ப இல்ல. மாரிஸ் வில்க்ஸ்ங்கற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் அறிஞர் 1951ல ஒரு யோசனை சொல்லியிருந்தாரு, ப்ராசஸருக்குள்ளயே ஒவ்வொரு கட்டளையும் எப்படி நடக்கணுங்கறத இன்னும் சின்னச் சின்ன கட்டளைகளா எழுதி வச்சுக்கலாம்னு, அதுக்கு மைக்ரோப்ரோக்ராமிங்னு பேரு. அந்தச் சின்னக் கட்டளைகள திரும்ப எழுதக்கூடிய ஒரு மெமரில வச்சா, வேணுங்கறப்ப மாத்தி எழுதி கம்ப்யூட்டரோட குணத்தையே மாத்தலாம், அப்படி வைக்கிற விஷயத்துக்குத்தான் ஓப்ளர் ஃபர்ம்வேர்னு பேரு வச்சாரு. அதாவது பொறந்தப்பவே இந்தச் சொல்லுக்குள்ள "மாத்தி எழுதலாம்"ங்கறது இருந்துச்சு. அதுக்கப்புறம்தான், எழுபதுகள்ல மைக்ரோப்ராசஸர் வந்து ப்ரோக்ராம ரோம் சிப்புல அச்சடிச்சு அனுப்ப ஆரம்பிச்சப்ப, ஃபர்ம்வேர்னா மாத்த முடியாததுங்கற எண்ணம் ஒட்டிக்கிச்சு.

மாத்துறது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அப்பல்லோ கம்ப்யூட்டர பாக்கணும். நிலாவுக்குப் போன அந்தக் கம்ப்யூட்டர்ல நிரந்தர மெமரி 36,864 சொற்கள் (சொல்லுன்னா இங்க மெமரியோட ஒரு அளவு), அத்தனையும் செப்புக் கம்பியால நெய்தது, நிஜமாவே நெய்தது. சின்னச் சின்ன காந்த வளையங்கள வரிசையா வச்சு, கம்பி வளையத்துக்குள்ள போனா 1, வெளிய சுத்திப் போனா 0. இத செஞ்சது மாசசூசெட்ஸ்ல வால்தம்ங்கற ஊர்ல ரேதியான் கம்பெனி ஃபேக்டரில வேலை பாத்த பெண்கள், ஊசியில கம்பியக் கோத்து ஒவ்வொரு வளையமா கையால விட்டாங்க. செல்லூர்ல தறிச் சத்தத்துக்கு நடுவுல வளர்ந்தவங்களுக்கு இத விளக்கிச் சொல்லவே வேணாம், ஒரு இழை தப்புனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். நெய்து முடிச்ச பிறகு ஒரு வரிய மாத்தணும்னா பிரிச்சு மறுபடி நெய்யணும், அதனால எழுதுறவன் அம்புட்டு யோசிச்சு எழுதினான். கம்ப்யூட்டர் வரலாறுன்னா இஞ்சினியருங்க பேரத்தான் பேசுறோம், அந்தக் கம்பிய கோத்த கைகளோட பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? கோயில் கட்டுன ராஜா பேரு தெரியுது, கல் செதுக்குனவன் பேரு தெரியல, அது மாதிரி இங்கயும் நடந்துருச்சேன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

அப்புறம் 1971ல இண்டெல்ல டோவ் ஃப்ரோமன் ஈப்ராம் கொண்டு வந்தாரு, சிப்பு மேல ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், அது வழியா புறஊதா வெளிச்சத்தக் காட்டுனா உள்ள இருக்குறது அழிஞ்சிரும், மறுபடி எழுதலாம், வெயில் பட்டு அழியக்கூடாதுன்னு ஜன்னல் மேல ஸ்டிக்கர் ஒட்டி வைப்பாங்க. எண்பதுகள்ல டோஷிபால ஃபுஜியோ மசுவோக்கா ஃபிளாஷ் மெமரி கண்டுபிடிச்சாரு, இன்னைக்கு நம்ம கையில இருக்குற பெரும்பாலானதுல அதுதான். ஃபிளாஷ்ல ஒரு குணம் உண்டு: பெரும்பாலும் அழிச்ச நிலையில எல்லா பிட்டும் 1, எழுதும்போது 1ஐ 0 ஆக்கலாம், ஆனா ஒரே ஒரு 0வ திரும்ப 1 ஆக்கணும்னா அந்தப் பகுதிய மொத்தமா அழிச்சாகணும். பத்தாயிரம் தடவை அழிச்சு எழுதலாம்னுதான் பல மைக்ரோகன்ட்ரோலர் கம்பெனிங்க உத்தரவாதம் தர்றாங்க. அழிச்சுட்டு எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருச்சுன்னா செட்டு டெட்டு, அதனாலதான் உருப்படியா வேலை செய்றவங்க ரெண்டு இடம் ஒதுக்கி, பழசு ஒண்ணுல ஓடிக்கிட்டு இருக்கும்போதே புதுச ரெண்டாவதுல எழுதி, சரி பாத்துட்டு அப்புறம் மாத்துவாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ஹார்ட்வேர் வன்பொருள், சாஃப்ட்வேர் மென்பொருள், இது ரெண்டும் நல்லா வேர் பிடிச்சிருச்சு. வன்மை, மென்மைன்னதும் நமக்கு உடனே வல்லினம், மெல்லினம், இடையினம் ஞாபகம் வருது, அந்தக் கணக்குப்படி ஃபர்ம்வேர இடைப்பொருள்னு சொல்லியிருக்கலாம், எனக்கும் அது பிடிக்கும். ஆனா மிடில்வேர்னு வேற ஒண்ணு இருக்கு, அது சாஃப்ட்வேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவுல நிக்கிறது, "இடை"ங்கறது அதுக்குப் போறதுதான் நியாயம். ஃபர்ம்னா உறுதிதானேன்னு உறுதிப்பொருள்னு வைக்கவும் முடியாது, உறுதிப்பொருள்னா தமிழ்ல அறம், பொருள், இன்பம், வீடுன்னு நாலு இருக்கு, அத வாஷிங் மெஷின் சிப்புக்குக் கொடுக்கக்கூடாது. திடப்பொருள்னா ஆறாம் கிளாஸ் பையன்கூட திடம், திரவம், வாயுன்னுதான் நினைப்பான். அதனால புழக்கத்துக்கு வந்திருக்குற நிலைபொருள்ங்கறதுதான் சரி, நானும் அதத்தான் எழுதுறேன்.

இதுல நிலைப்பொருள்னு ஒற்று போட்டும் எழுதுறாங்க, நிலைபொருள்னு போடாமலும் எழுதுறாங்க. ஒற்று போட்டா நிலையான பொருள்னு ஆகுது, எப்பவுமே இப்படியேதான்ங்கற தொனி வந்துருது. ஒற்று போடாம வினைத்தொகையா எடுத்துக்கிட்டா நிலைத்த, நிலைக்கிற, நிலைக்கும் பொருள்னு மூணு காலமும் உள்ள வருது, வினைத்தொகையில வல்லினம் மிகாதுங்கறது நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். கரண்ட் போனாலும் நிலைக்குது, போன வருஷம் எழுதுனதும் நிலைச்சிருக்கு, ஆனா யாராவது மாத்தி எழுதுற வரைக்கும்தான் நிலைக்கும். அதனால ஒற்று இல்லாததுதான் என் கட்சி.

நிலைங்கற சொல் நில்ங்கற வேர்ல இருந்து வருது, நிலுவையும் அந்தக் குடும்பம்தான். மதுரைக்காரங்களுக்கு இன்னொரு நிலை தெரியும்: தேர் நிலை. சித்திரைத் திருவிழாவுல தேர் மாசி வீதி நாலையும் சுத்திட்டு வந்து நின்னதும் "தேர் நிலைக்கு வந்துருச்சு"ன்னு சொல்றோம்ல, அந்த நிலை. நிலைன்னா நகராததுன்னு அர்த்தம் இல்ல, எங்க இருந்து கிளம்பணுமோ, சுத்திட்டு எங்க வந்து சேரணுமோ அந்த இடம். மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஃபர்ம்வேர் செய்யிறதும் அதுதான், எங்க போயி சிக்கியிருந்தாலும் தெரிஞ்ச ஒரு இடத்துக்குத் திரும்பக் கொண்டு வந்து விடுது.

அந்தத் தேரையே இன்னும் கொஞ்சம் பாருங்க. சித்திரை மாசத்துத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுது? மீனாட்சி கல்யாணம் முன்னாடி மாசி மாசத்துல நடந்துச்சு, அழகர் தேனூர் பக்கம் ஆத்துல இறங்கிக்கிட்டு இருந்தாரு, பதினேழாம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர்தான் ரெண்டு விழாவையும் சித்திரையில ஒண்ணா சேத்தாருன்னு இங்க வழிவழியா சொல்றாங்க. விழா மாறுச்சு, வீதிப் பேரு மாறல. இன்னைக்கு லட்சக்கணக்கான ஜனம் வைகையில நிக்கிறப்ப இது ஆதிகாலத்துல இருந்து இப்படியேதான்னு நினைச்சுக்கிட்டு நிக்குது, நானும் கூட்டத்துல நின்னு கும்பிடுறவன்தான், எனக்கு அதுல பக்தி ஒரு துளியும் குறையல. மாறுனதுங்கறதால புனிதம் போயிறாது.

இதே மீனாட்சி கோயில்ல 1939 ஜூலை 8ஆம் தேதி வரைக்கும் பட்டியல் சாதி மக்களும் நாடார்களும் உள்ள போக முடியாது. கேட்டா வழக்கம், சாஸ்திரம், மாத்தவே முடியாதுன்னாங்க. அன்னைக்கு வைத்தியநாத ஐயர் தலைமையில, மேலூர் பக்கம் தும்பைப்பட்டில பொறந்த கக்கனும் மத்தவங்களுமா உள்ள போனாங்க. எதிர்ப்பு இல்லாம இல்ல, கடுமையான எதிர்ப்பு, ஆனா மாறுச்சு, அதுக்குப் பாதுகாப்பா சட்டமும் வந்துச்சு. மீனாட்சி அப்படியேதான் இருக்கா. அதனால ஒருத்தர் "இது எங்க மதம், இது எங்க வழக்கம், கைய வைக்காத"ன்னு சொன்னா நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான், நீங்க சொல்றது கல்லா, இல்ல யாரோ ஒரு காலத்துல எழுதி வச்சு நாம ஓட்டிக்கிட்டு இருக்குறதா? பெரும்பாலும் ரெண்டாவதுதான். மாத்துறது லேசு இல்ல, லேசா இருக்கவும் கூடாது, தினம் தினம் மாத்துறதுக்கு அது ஆப் இல்ல. ஆனா கஷ்டம்ங்கறத முடியாதுன்னு சொல்லி ஒரு கூட்டத்தையே வாசல்ல நிறுத்துறது அநியாயம்.

அடுத்த கேள்வி, மாத்துற சாவி யார் கையில இருக்கு? எங்க தெருவுல ஒரு வீட்டுல இன்வெர்ட்டர், லெட் ஆசிட் பேட்டரிய எடுத்துட்டு லித்தியம் போடணும்னு ஆசைப்பட்டாங்க. போர்டு நல்லா இருக்கு, ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு, சார்ஜ் வோல்டேஜ் சம்பந்தப்பட்ட சில எண்கள ஃபர்ம்வேர்ல மாத்துனா போதும். கம்பெனிக்கு போன் போட்டா அந்த மாடல நிறுத்தியாச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு பதில். சிப்ப படிக்க முடியாம பூட்டி வச்சிருக்காங்க, வெளிய இருந்து யாரும் தொட முடியாது. காசு கொடுத்து வாங்குன சாமான், ஆனா அதோட நிலைபொருள் இன்னொருத்தன் கையில. கண்டவன் கண்டத எழுதக்கூடாதுன்னு டிஜிட்டல் கையெழுத்து வச்சுப் பூட்டுறது நல்ல விஷயம்தான், கார் பிரேக்கோ ஆஸ்பத்திரி மெஷினோ அப்படி இருந்தே ஆகணும். ஆனா நான் இனிமே பாத்துக்க மாட்டேன்னு கம்பெனி ஒதுங்குற அன்னைக்கு சாவிய வாங்குனவங்க கையில கொடுத்துட்டுப் போகணும், இத சட்டமாவே போடணும்.

பூட்டி வச்சதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு வெளிய தெரியாதுங்கறதும் சின்ன விஷயம் இல்ல. 2015ல ஃபோக்ஸ்வேகன் மாட்டுச்சுல, உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார், புகை டெஸ்ட் நடக்குதுன்னு இஞ்சின் ஃபர்ம்வேரே கண்டுபிடிச்சு அப்ப மட்டும் ஒழுங்கா நடந்துக்கும், ரோட்டுக்கு வந்ததும் அளவுக்கு மீறி நைட்ரஜன் ஆக்சைட விடும், சில சமயம் வரம்பவிட 40 மடங்கு வரைக்கும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுச்சு. அது தானா நடக்கல, ஒரு இஞ்சினியர் சீட்ல உக்காந்து அந்த வரிய அடிச்சிருக்காரு. நம்ம பசங்க இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க்குகளுக்கு வேலைக்குப் போறாங்க, கோடிங் சொல்லிக் கொடுக்குற காலேஜு இந்தக் கதையையும் பாடத்துல சேத்துச் சொல்லிக் கொடுக்கணும்.

எழுதும்போது எப்படிப் பயன்படுத்துறதுன்னா: ஃபர்ம்வேர் நிலைபொருள், ஃபர்ம்வேர் அப்டேட் நிலைபொருள் புதுப்பிப்பு, ஃபர்ம்வேர் இஞ்சினியர் நிலைபொருள் பொறியாளர். பேச்சுல ஃபர்ம்வேர்னே சொல்லுங்க, தப்பில்ல, கடைக்காரர்கிட்ட போயி நிலைபொருள் போடுங்கண்ணேன்னா அவருக்குப் புரியாது. ஆனா மேனுவல், மெஷின் டிஸ்பிளே, பாடப்புத்தகம் இதுல எல்லாம் நிலைபொருள்னே வரணும், "நிலைபொருள் புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்"னு ஸ்கிரீன்ல தமிழ்ல வந்தா ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருத்தர் பாதியில ப்ளக்க பிடுங்க மாட்டாரு.