லேண்டிங் கியர்: சக்கரமா, காலா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர் சற்று நிமிர்ந்தால் போதும். 2024 டிசம்பரில் மீண்டும் வரத் தொடங்கிய பெங்களூரு விமானம், ஏ.டி.ஆர். 72, கால்களை நீட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிடலாம். மேலே ஏறும்போது பின்கால்கள் வயிற்றடியில் புடைத்திருக்கும் கூடுகளுக்குள் மடங்கிவிடும். இந்தக் கால்களைத்தான் லேண்டிங் கியர் என்கிறோம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கியர் என்றதும் நமக்குப் பல்சக்கரமோ, பஸ் ஓட்டுநர் இடக்கையால் தள்ளும் தண்டோ நினைவுக்கு வருகிறது. இங்கே இரண்டும் இல்லை. பழைய நோர்ஸ் மொழியில் 'கெர்வி' என்றால் உடுப்பு, தளவாடம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது வீரனின் கவசத்தையும் ஆயுதத்தையும் குறித்தது. பல்சக்கரப் பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆகவே லேண்டிங் கியர் என்பது இறங்குவதற்கான தளவாடம், அவ்வளவுதான். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களோ 'த்ரேன் தத்தெரிசாழ்' என்பார்கள். அதன் நடுவிலுள்ள 'தெர்' நம் தரையேதான் என்று யாரும் லெமூரியாவுக்குக் கிளம்ப வேண்டாம். ஒலி ஒற்றுமை தற்செயல்.

செய்தித்தாள்கள் 'சக்கரம்' என்று எழுதி முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹெலிகாப்டர்கள் பலவற்றுக்குச் சறுக்குக் கம்பிகள்தான். நீரில் இறங்கும் விமானத்துக்கு மிதவைகள். தவிர, சக்கரம் நன்றாக இருக்கும்போதே லேண்டிங் கியர் பழுதாகலாம்.

பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மடங்காத கால்கள். சோதனைக்கு வந்ததும் மெக்கானிக் முன்சக்கரத்தருகே குந்தி, பளபளக்கும் எஃகுத் தண்டைத் துணியால் துடைக்கிறார். துணியில் எண்ணெய் பிசுக்கினால் உள்ளே எண்ணெயைக் கசியவிடாமல் அடைக்கும் வளையம் (சீல்) தேய்ந்திருக்கிறது. அந்தத் தண்டுக்கு ஓலியோ என்று பெயர். லத்தீனில் எண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே எண்ணெயும் அழுத்தக் காற்றும் சேர்ந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. 'எண்ணெய்க்கால்' எனலாம். அடுத்து டயரையும் சக்கரத்தின் உலோக விளிம்பையும் சேர்த்து இழுத்த வண்ணக் கோடு. கோடு விலகியிருந்தால் டயர் விளிம்பின்மேல் வழுக்கியிருக்கிறது; ட்யூபின் வால்வு அறுபடலாம்.

மடங்கும் கால்களென்றால் வேலை கூடுதல். விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, கால்களை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். மூன்று கால்களும் பூட்டிக்கொண்டால் விமானி முன் மூன்று பச்சை விளக்குகள் எரியும். கால்களை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து அழுத்தம் போனாலும், பல விமானங்களில் கால்கள் தம் எடையாலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். அதுவும் தவறினால் வயிற்றால் இறங்க வேண்டியதுதான்.

இத்தனை பத்திகளிலும் 'கால்' தானாகவே வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். பந்தலுக்கும் கட்டிலுக்கும் கால் உண்டு. எடை தாங்கினால் தமிழில் கால். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற குறளில் (496) கால் என்பது தேரின் சக்கரம். பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றே பெயர். தாங்குவது, உருள்வது, காற்று மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவது?

'இறங்குகால்' என்பது என் தேர்வு. முன்கால், கால்பூட்டு, மடிகால் எல்லாம் அதிலிருந்தே கிளைத்துவிடும். செஸ்னாவினுடையதை மட்டும் நிலைக்கால் என்றால் வாசல் நிலைதான் கண்முன் நிற்கும். மடங்காக்கால் என்றே வைத்துக்கொள்வோம்.