பச்சை மஞ்சள் வயரை விட்டுவிடுங்கள், தம்பிகளா

போன வாரம் ஒரு தம்பி டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வு வைத்த கிட்டார் ஒலிபெருக்கி) ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வீடு இங்கே சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில். ஜன்னலைத் திறந்தால் ஒலிபரப்புக் கோபுரம் தெரியுமாம். கிட்டாரைச் செருகி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் வாசிப்புக்கு நடுவே யாரோ செய்தி வாசிக்கிறார்கள். கூடவே ஓர் உறுமல்.

"உறுமலை நானே சரி பண்ணிட்டேண்ணே. இப்போ மைக் உதட்டுல பட்டா சுள்ளுன்னு இழுக்குது. அதையும் ரேடியோவையும் மட்டும் பாருங்க" என்றார்.

எப்படிச் சரி பண்ணினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிளக்கைத் திறந்தேன். எர்த்துக்கான பச்சை மஞ்சள் வயரை ஒட்ட நறுக்கி டேப் சுற்றியிருந்தார். இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது.

"சத்தம் குறைஞ்சுதே?" என்பார்கள். குறையும்தான், யார் இல்லை என்றது? ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும் மிக்சர் இன்னொரு சாக்கெட்டிலும் எர்த் ஆகியிருக்கும். நடுவில் ஓடும் சிக்னல் கேபிளின் ஷீல்டும் (உள்வயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) இரண்டையும் இணைத்தால் ஒரு வளையம் உண்டாகிவிடும். அதில் சுற்றுகிற 50 ஹெர்ட்ஸ்தான் அந்த உறுமல். எர்த்தை வெட்டினால் வளையம் அறுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் மூட்டைப்பூச்சியும்தான் சாகும்.

கிட்டாரின் கம்பி, அதைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிள் செருகும் ஜாக்குக்கும், ஜாக்கிலிருந்து ஷீல்டு வழியாக ஆம்ப்பின் இரும்புச் சட்டத்துக்கும் போகிறது. உங்கள் இடது கை எப்போதும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு நாள் லைவ் வயர் சட்டத்தில் பட்டுவிடும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், அல்லது ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் நடக்காது. ஆம்ப் நன்றாகவே பாடும். சட்டமும் கம்பியும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும், நீங்கள் போய் மைக்கைத் தொடும் வரை. ராக் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி மேடையில் இறந்தது, சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு. யார்ட்பேர்ட்ஸ் இசைக்குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவருமே மேடையில் ஊறியவர்கள்.

"வீட்டுல ஆர்சிசிபி இருக்கே" என்பது அடுத்த பதில். இருக்கட்டும். எர்த் இருந்தால் அது பழுது நேர்ந்ததும் விழும். எர்த் இல்லாவிட்டால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போன பிறகுதான் விழும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் அது இல்லாமலே இருந்திருக்கிறது. அதனால்தான் 2023 ஜூலையிலிருந்து எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். வாடகை அறையில் கூடி வாசிப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை மின்சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் ஒரு பெயர். கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் (எர்த்தைத் தூக்கு) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது. அதைத் தாராளமாகத் தட்டுங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிக்னல் கேபிளின் நடுவில் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். உறுமல் போய்விடும், எர்த்தும் இருக்கும்.

சரி, ரேடியோவுக்கு வருவோம். எர்த்தை வெட்டியதால் அது இம்மியும் குறையவில்லை. ஆம்ப்பில் எதையும் செருகாமல் போட்டேன், அமைதி. தம்பியின் கேபிளைச் செருகியதும் செய்தி வந்தது. கேபிளைப் பிரித்தால், அது ஸ்பீக்கர் கேபிள்! தடியாக இருக்கிறதே, நல்லதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அதற்கு ஷீல்டே கிடையாது. கோபுரத்துக்கு எதிரே ஆறு மீட்டர் ஆன்டெனா கட்டிவிட்டு, கோபுரத்தைக் குறை சொன்னால் எப்படி?

கேபிளை மாற்றியும் லேசாகக் கிசுகிசுத்தது. உள்ளே பார்த்தால், முதல் டியூபின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் காலுக்கு) முன்னால் இருக்க வேண்டிய 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் இல்லை. முன்பு யாரோ 'டோன் சுத்தமாகும்' என்று எடுத்திருக்கிறார்கள். புதிது ஒன்றை டியூப் சாக்கெட்டின் காலிலேயே ஒட்டிச் சோல்டர் செய்தேன். செய்தி நின்றது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்களில், குறிப்பாகச் சொந்தமாகச் செய்த ஃபஸ்களில் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), உள்ளீட்டு ஜாக்கில் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போட்டாலே பெரும்பாலும் ரேடியோ அடங்கிவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் செய்யாதீர்கள். அலுமினியப் பெட்டியில் செய்து, அதைக் கிரவுண்டோடு சேருங்கள். நம் ஊர் ஈரத்தில் ஜாக்கெல்லாம் கறுத்துவிடும், சோல்டரும் விட்டுப்போகும். அப்படி அரைகுறையாக ஒட்டியிருக்கும் இணைப்பு டையோடு மாதிரி வேலை செய்து அதுவே ரேடியோவைப் பிடிக்கும்.

கீச்சென்ற விசில் சத்தம் என்றால், டிஜிட்டல் பெடலும் ஓவர்டிரைவ் பெடலும் ஒரே 9 வோல்ட் அடாப்டரில் வரிசையாகத் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தனித்தனி வெளியீடு உள்ள சப்ளை வாங்குங்கள். 'டிட்-டிட்-டிட்' சத்தத்துக்கு இன்னும் ஹேண்ட்ஃபோனைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 2ஜி காலத்துச் சத்தம். 2ஜி இங்கே 2017 ஏப்ரலோடு போய்விட்டது. இப்போது இரைச்சல் கேட்டால் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) விளக்கை அணைத்துப் பாருங்கள். அப்புறம், கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்று கிட்டாரைக் கொண்டுவராதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றும் செருகாமலே 100 ஹெர்ட்ஸில் கரகரவென உறுமினால் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு வயதாகியிருக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். எனக்கே ஒருமுறை முழங்கை வரை உதறியிருக்கிறது.

தம்பிக்குப் புது வயரும் பிளக்கும் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கர் கேபிளைத் திரும்பக் கேட்டார். கண்ணெதிரேயே இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். முகம் சுருங்கிப் போனது. எர்த் அறுந்த பிளக் யாரிடம் இருந்தாலும் கொண்டு வாருங்கள். மாற்றித் தருகிறேன், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. திட்டு மட்டும் விழும்.