நாரட்டீ: கதைக்குள் உம் கொட்டுபவர்

கதை சொல்லும் பாட்டி நடுவில் நிறுத்தி, "உம் கொட்டு, தூங்கிட்டியா?" என்பாள். அச்சில் வரும் கதைக்குள்ளும் அப்படி ஓர் ஆள் இருக்கிறார். கதைசொல்லி யாரிடம் சொல்கிறாரோ, அவர். இலக்கியக் கோட்பாட்டில் அவருக்கு 'நாரட்டீ' என்று பெயர்.

லத்தீனில் 'நர்ராரே' என்றால் எடுத்துச் சொல்லுதல். அந்த வேரிலிருந்து கதையைப் பெறுபவருக்குப் பிரெஞ்சில் 'நரத்தேர்' என்று ஒரு சொல்லை ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் அது 'நாரட்டீ'. 1970களின் தொடக்கத்தில் ழெரார் ழெனெத், ஜெரால்ட் பிரின்ஸ் ஆகிய இலக்கியக் கோட்பாட்டாளர்களின் எழுத்துகள் வழியாக இந்தக் கருத்து பரவியது.

வாசகர் வேறு, இவர் வேறு. வேதாளம் கதை சொல்வது தன்னைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனிடம். வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். மல்லாந்து படுத்துப் படிக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாக் கதையிலும் இவருக்குப் பெயர் இருக்காது. கதைசொல்லி எதை விளக்குகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனித்தால் பிடித்துவிடலாம். 'குலுக்கை என்பது நெல் கொட்டிவைக்கும் மண்கூடு' என்று நின்று விளக்கினால், எதிரே இருப்பவர் குலுக்கையைப் பார்த்திராதவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கதைபெறுநர்' என்று ஆக்கலாம்தான். ஆனால் விண்ணப்பத்தில் 'அனுப்புநர், பெறுநர்' எழுதிப் பழகிய நமக்கு அதில் தபால் வாடை அடிக்கும். புதிதாக ஆக்கவும் தேவையில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புகளை அடுக்கும்போது 'கூற்று' என்பதற்கு அடுத்தே 'கேட்போர்' என்பதையும் வைத்திருக்கிறது. யார் சொல்கிறார் என்பதோடு யார் கேட்கிறார் என்பதும் செய்யுளின் உறுப்பு!

சங்கப் பாடல்களின் 'சிறைப்புறம்' இன்னும் சுவாரசியம். தோழி பேசுவது தலைவியிடம். ஆனால் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழட்டும் என்றுதான் பேசுகிறாள். இங்கே நாரட்டீ யார்? தலைவி என்றால் பாட்டின் நோக்கம் போய்விடும். தலைவன் என்றால் அவனை விளித்து ஒரு சொல்கூட இல்லை. 'கேட்போர்' என்றால் இரண்டு பேரும் அடக்கம்.

ஒருவரை மட்டும் குறிக்கும்போது 'கேட்பவர்' என்று எழுதலாம். 'வாசகர்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.