கசிகிற இரையைத்தான் மீன் தேடி வரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரையில் அலை உடையும் இடத்து நீர் பெரும்பாலும் மணலோடு கலங்கியே இருக்கும். மழை பெய்து உம்கேனி ஆறு பெருகிவிட்டால் முகத்துவாரத்தில் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அத்தகைய நீரில் தூண்டில் முள்ளில் கோத்த இரையைப் பல மீன்கள் மோப்பத்தால்தான் கண்டுகொள்கின்றன. மீனின் மூக்கு மூச்சுக்கு உரியதன்று. பெரும்பாலான மீன்களுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் உண்டு. முன்துளையில் புகும் நீர் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் உணர்தோலைத் தழுவிக்கொண்டு பின்துளையால் வெளியேறுகிறது. நீரில் கரைந்துவரும் அமினோ அமிலங்களை அந்தத் தோல் உணர்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே பல மீன்களுக்குப் போதும்.

இறால், நண்டு, மட்டி, கணவாய் ஆகியவை ஏன் எல்லாக் கடல்களிலும் நல்ல இரையாகின்றன என்பதற்கு அவற்றின் உடலமைப்பிலேயே விடை இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. மீன் தன் இரத்தத்தின் உப்பைக் கடல்நீரின் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைத்துக்கொண்டு, மிகுதியைச் செவுள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. முதுகெலும்பில்லாத இந்தக் கடல் உயிர்களோ சுற்றியுள்ள உப்புக்கு ஈடுகொடுக்கத் தம் செல்களுக்குள் கிளைசின், அலனின், டாரின், பீட்டேன் போன்ற சிறு மூலக்கூறுகளை நிறைத்து வைத்திருக்கின்றன. கத்தி பட்டுச் செல் கிழிந்ததும் அந்தச் சரக்கு முழுவதும் நீரில் கரைகிறது. கிளைசினும் அலனினும் பீட்டேனும் மீன்களின் பசியைக் கிளறும் பொருள்களாகவும் அமைந்துவிட்டன.

ஆயினும் கரைந்த மணம் தானாக வெகுதூரம் போவதில்லை. அசையாத நீரில் ஓர் அமினோ அமில மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் பரவுவதற்கே அரை நாளுக்கு மேல் ஆகும். அதைத் தூக்கிச் செல்வது நீரோட்டமே. மணம் ஓட்டத்தில் மெல்லிய இழைகளாகப் பிரிந்து செல்ல, இழை மூக்கில் பட்ட மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி இரையை அடைகிறது. நீர் தேங்கிய குழியில் போட்ட நல்ல இரையைவிட, ஓட்டம் உள்ள வாய்க்காலின் தலைப்பில் போட்ட சுமாரான இரை மேல் என்று நான் கருதுவது இதனால்தான்.

டர்பன் அமைந்துள்ள நேட்டாலில் இரை என்றதும் மத்தி நினைவுக்கு வரும். ஜூன், ஜூலை மாதங்களில் குளிர்ந்த நீர் கரையை ஒட்டி வடக்கே நீளும்போது மத்திக் கூட்டங்கள் நேட்டாலின் தென்கரை வரை ஏறி வருகின்றன. 1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களில் ஒரு சாரார் டர்பனில் தலைமுறைகளாகக் கரைவலை இழுத்தவர்கள். மத்தி இறங்கும் நாளில் கரைக்கே போய்ப் பெட்டியோடு வாங்கி வருகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. மத்தி செத்தவுடன் அதன் குடல் நொதிகள் சதையைச் சிதைக்கத் தொடங்கிவிடும். வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலே வயிறு வெடித்துவிடும். ஆகவே வாங்கிய கையோடு பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உண்டாகிச் செல்களைக் கிழிக்கின்றன. உறை நீங்கிய மத்தி நன்றாகக் கசிந்தாலும் முள்ளில் நிற்காமல் குழைகிறது. மெல்லிய அடுக்காகப் பரப்பி உறையவைத்தால் இது குறையும். கல்லுப்பில் புரட்டி வைத்தால் கருவாட்டைப் போலச் சதை இறுகி, நண்டுகளின் கடிக்கும் தாங்கும். வடியும் நீரோடு மணத்தில் ஒரு பகுதியும் போய்விடுவது அதற்குக் கொடுக்கும் விலை. உறைந்த இரையைக் குழாய் நீரில் போட்டு இளக்குவது மட்டும் கூடவே கூடாது: மணம் வாளியிலேயே கரைந்துவிடும், அத்துடன் உப்பில்லாத நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை ஊதச் செய்யும்.

மணலுக்குள் வளையில் வாழும் மணல் இறால் மற்றோர் இரை. அதைத் தேடுவதற்குக் கடல் வற்ற வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் டர்பனில் காலை பத்து மணிவாக்கில் கடல் நன்றாக வற்றி, கழிமுகத்து மணல்திட்டுகள் வெளிப்படும். திட்டில் காணும் சிறு துளைக்கு மேல் உறிஞ்சு குழாயை நிறுத்திப் பிடியை இழுத்தால் மணலோடு இறாலும் மேலே வரும். மண்வெட்டி, மண் கிளறும் கவை கொண்டு தோண்டச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அனுமதிச் சீட்டும் வாங்கியிருக்க வேண்டும். எடுப்பதால் ஆகும் சேதத்தோடு, காலால் மிதிபடும் வளைகள் இடிந்து போவதும் சேர்ந்துகொள்கிறது என்பதால் திட்டின் குறுக்கே கும்பலாக நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. முட்டை சுமக்கும் பெண் இறாலை வளைக்கே விட்டுவிடலாம்.

டர்பன்காரர்கள் சீ லைஸ் என்று அழைக்கும் சிறு நண்டு அலை ஏறி இறங்கும் ஈரமணலில் பின்புறமாகப் புதைந்து வாழ்கிறது. அலை பின்வாங்கும்போது அது இறகு போன்ற உணர்கொம்பை நீட்டி உணவை வடிகட்டும். அந்த நொடியில் மணற்பரப்பில் சின்னஞ்சிறு ஆப்பு வடிவச் சுழிகள் தெரியும். பாறையில் ஒட்டி வளரும் ரெட் பெய்ட் வேறு வகை உயிர்: அதன் தடித்த தோல் செடிகளில் இருப்பது போன்ற செல்லுலோசால் ஆனது, உள்ளே இருக்கும் சிவந்த சதைதான் இரை. பாறைக்கருகே மேயும் ப்ரான்ஸ் பிரீம் (bronze bream) என்ற மீனுக்கு இது உகந்தது.

இரை எதுவோ அதைத் தின்று பழகிய மீனை நினைத்தே முள்ளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷாட் என்ற மீன் கூரிய பல்லுடன் கண்ணால் பார்த்து வேட்டையாடும். பளபளக்கும் மத்தித் துண்டு அதற்கு ஏற்றது. அக்டோபர், நவம்பரில் ஷாட் பிடிக்கத் தடை உண்டு. மற்ற மாதங்களில் ஆளுக்கு நாளைக்கு நான்கு, நீளம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிரண்டரோ வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி மணல் இறாலை வளையிலிருந்து கிளப்பித் தின்கிற மீன். அதற்கு இறாலை வாலிலிருந்து நெடுக முள்ளில் ஏற்றி, இழுத்தால் நீளும் மீள்நூலால் நாலைந்து சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். நூலை இறுக்கி மூடிவிட்டால் கசிவு அடைபடும், மென்மையான உடலும் நசுங்கும். வாயில் பட்டதும் சுவைமொட்டுகளால் பரிசோதிக்கும் மீன் உறுத்தலை உணர்ந்து உமிழ்ந்துவிடும். கசிவு தொடக்கத்தில் மிகுந்து போகப்போக விரைவாகக் குறைவதால், கடிபடாமல் வெளுத்துத் திரும்பும் இரையை மறுபடி வீசாமல் புதிதாகக் கோப்பதே முறை.