அடைப்புக்குறியை நகர்த்தும் அணி

(2×3)×4 என்றாலும் 2×(3×4) என்றாலும் 24தான். டென்சர் கேட்டகரியில், அதாவது எண்களுக்குப் பதில் பொருள்களைக் கூட்டிப் பெருக்கும் கணித அமைப்பில், அப்படிச் சமம் போட முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு மாற்றம் தேவை. அந்த மாற்றத்தை எண்களில் எழுதுவதுதான் உண்மையான வேலை.

ஃபிபனாச்சி கேட்டகரியை எடுத்துக்கொள்வோம். எளிய பொருள்கள் (மேலும் பிரிக்க முடியாதவை) இரண்டே: 1, ட. விதி: ட×ட = 1+ட. பெருக்கினால் 1 வரலாம், ட-வும் வரலாம் என்று பொருள். ட-வின் பரிமாணம் ப என்றால் ப² = 1+ப; நேர் விடை 1.618, அதாவது பொன் விகிதம். சாதாரணக் குலம், அதாவது சமச்சீர் மாற்றங்களின் தொகுதி, தரும் பொருள்கள் வெக்டர் வெளிகள்; அவற்றின் பரிமாணம் முழு எண்ணாகத்தானே இருக்கும்? ஆகவே சாதாரணக் குலம் எதிலிருந்தும் இது பிறக்காது. குலத்தின் திரிந்த வடிவமான குவாண்டம் குலம்தான் தரும்.

மூன்று ட-க்களைப் பெருக்கி ட-வை அடைய இரண்டு வழிகள்: முதல் ஜோடி 1 ஆகலாம், அல்லது ட ஆகலாம். அடைப்புக்குறியை வலப்பக்கம் தள்ளினால் கடைசி ஜோடிக்கும் அதே இரண்டு வழிகள். இரண்டு கணக்குகளையும் இணைக்கும் அணியின் (எண்களின் சதுர அட்டவணை) முதல் வரிசை 0.618, 0.786, இரண்டாவது 0.786, −0.618. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. கண்டுபிடிப்பது எளிது: அணியை அதனாலேயே பெருக்கினால் அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) வர வேண்டும்.

சில நூல்களில் 0.786 இரண்டுக்கும் பதில் 1, 0.618 என்று இருக்கும். அதுவும் சரியே, அடிப்படை வெக்டர்களின் நீளம்தான் வேறு. மூலைவிட்டம் மாறாது, மற்ற இரண்டின் பெருக்கற்பலனும் மாறாது. ஆனால் பாதி எண்களை ஒரு நூலிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் கணக்கு உடைந்துவிடும்.

அணியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு பொருள்களுக்கு ஐந்து விதமாக அடைப்புக்குறி போடலாம். ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு இரண்டு நகர்வில் போகலாம், சுற்றி மூன்றிலும் போகலாம். இரண்டும் ஒரே விடை தர வேண்டும். இதுவே ஐங்கோணச் சமன்பாடு. இது நிறைவேறினால் எத்தனை பொருள்கள் சேர்ந்தாலும் முரண் வராது என்று சாண்டர்ஸ் மக்லேன் 1963இல் காட்டினார்.

எல்லா விதிக்கும் விடை அமைவதில்லை. ட×ட = 1+2ட என்று வைத்துப் பாருங்கள். பெருக்கல் அட்டவணையில் குறையே தெரியாது, பரிமாணமும் 2.414 என்று ஒழுங்காக வரும். ஐங்கோணத்தில்தான் மாட்டிக்கொள்ளும். எளிய பொருள்கள் இரண்டே உள்ளபோது ட-வின் முன்னால் வரும் எண் 0 அல்லது 1 மட்டுமே என்று விக்டர் ஓஸ்ட்ரிக் 2003இல் நிறுவினார்.